படிக்க வேண்டாம், அழுத்துங்க

மார்ச் 4, செவ்வாய்

மார்சிலிங்கில் முதல் ரயில். நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியா. அங்கிருந்து ரோவல் ரோடுவரை ஓட்டமும் நடையும். எதற்கு? ஒரு பொத்தானை அழுத்த. அழுத்தினேன். ஆபீஸுக்குப் போனேன்.

டயாலிசிஸ் நிலையம் இருக்கும் கட்டடத்தில் மின்பலகையை மாற்றுகிறார்கள். ஆறு வாரத்துக்கு தினமும் விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துவரை கரண்ட் கிடையாது. ஐந்துக்கு வந்ததும் நாங்கள் பராமரிக்கும் சர்வர் தானாக எழுந்துகொள்ள வேண்டும். ஆறே முக்காலுக்கு முதல் நோயாளி நாற்காலியில் உட்காரும்போது அவருடைய விவரம் நர்ஸுக்குத் திரையில் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

எழவில்லை. பாதி வழியில் நின்றுகொண்டு, 'நான்காவது மின்விசிறி பழுது. தொடர F1 அழுத்தவும்' என்கிறது. ஆளில்லாத அறையில், இருட்டில், யாரிடம் சொல்கிறது?

சிங்கப்பூரில் எல்லாருக்கும் F1 என்றால் கார் பந்தயம். எனக்கு இது.

மார்ச் 5, புதன்

அதே ரயில். அதே பொத்தான்.

சர்வர் அறை என்று பெயர்தான். உண்மையில் அது துடைப்பக்கட்டை வைக்கிற அறை. ஈரம் காயாத மாப், அழுக்குத் தண்ணீரோடு வாளி, ரசாயனக் கேன்கள். எல்லாம் சேர்ந்து புளித்த காடி மாதிரி ஒரு நெடி. சர்வரின் பின்பக்கம் டார்ச் அடித்தேன். பழுதான மின்விசிறியில் தூசும் தலைமுடியும் திரித்த கயிறாகச் சுற்றிக் கிடந்தன. நடுவில் ஒரு கரப்பான், காய்ந்து. விரலால்தான் எடுக்க வேண்டியிருந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டும் கையை மூக்குப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை.

மாதம் ஒருமுறை இந்தச் சர்வரைப் பார்த்ததாக எங்கள் கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கிறது. பல தாள்களில் என் கையெழுத்தேதான். திரையைப் பார்த்தேன், பச்சை விளக்கைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். பின்பக்கம் யார் பார்த்தார்கள்?

மார்ச் 6, வியாழன்

புது மின்விசிறி வர ஒரு வாரமாம்.

காலை ஷிஃப்ட் நர்ஸ் பரீதா கதவைத் திறந்துவிட்டாள். நோன்பு வைத்திருக்கிறாள். அது மறந்து தேக்கா சந்தையில் வாங்கிய வடைப் பொட்டலத்தை நீட்டிவிட்டேன். சிரித்துக்கொண்டே, "மஃரிபு தொழுகைக்கு அப்புறம் சாப்பிடுறேன்க்கா, குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

"இதுக்காகவா மார்சிலிங்லேருந்து வர்றீங்க? என்ன அழுத்தணும்னு காட்டுங்க, நானே அழுத்துறேன். நான் ஆறு மணிக்கே வந்துடுவேன்."

காட்டினேன். இங்கிலீஷில் என்னவோ நீளமா வருதே, படிச்சுப் பார்க்கணுமா என்று கேட்டாள்.

"படிக்க வேண்டாம். எது வந்தாலும் அழுத்துங்க. F1. அவ்வளவுதான்."

நாளைக்கு ஏழுவரை தூங்கலாம்.

மார்ச் 7, வெள்ளி

தூங்கினேன்.

மார்ச் 13, வியாழன்

மின்விசிறி வந்து மாட்டியாயிற்று. பிழைச்செய்தி போய்விட்டது. ஜனகனிடம் சொன்னேன். என் மேலதிகாரி, என்னைவிட ஆறு வயது சின்னவன். சர்வர் அறைக்குள் காலை வைத்ததே இல்லை.

"சரி, அந்த ப்ராம்ப்டையே டிஸேபிள் பண்ணிடு லா. இன்னொரு ஃபேன் போச்சுன்னா மறுபடியும் நிக்கும். கஸ்டமர் கம்ப்ளெய்ன் பண்ணுவாங்க."

"அது ஏதோ பழுதுன்னுதானே ஜனகன் நிக்குது? நிறுத்தாம விட்டா நமக்கு எப்படித் தெரியும்?"

"மாசாமாசம் போய்ப் பாக்குறோம்ல?"

இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நெளிவுகூட இல்லை. பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்று வாயைத் திறந்து சொன்னேனா? இல்லை. அந்தத் தாள்களில் இருப்பது என் கையெழுத்தும்தானே.

மார்ச் 14, வெள்ளி

செய்துவிட்டேன். அமைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. 'பிழை வந்தால் நில்' என்பதை 'பிழை வந்தாலும் தொடர்' என்று மாற்றிச் சேமித்தேன். ஜனகனுக்குத் தகவல் அனுப்பினேன். கட்டைவிரல் படம் வந்தது. இந்த ஆபீஸில் எல்லாவற்றுக்கும் அந்த மஞ்சள் கட்டைவிரல்தான் பதில்.

மார்ச் 17, திங்கள்

தானாக எழுந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. நல்லது.

மார்ச் 18, செவ்வாய்

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை 6.10. வேறொரு கஸ்டமர் வேலைக்காகச் சீக்கிரமே கிளம்பி ரயிலில் இருந்தேன். பரீதா கூப்பிட்டாள். "அக்கா, அந்தக் கறுப்பு ஸ்கிரீன் மறுபடியும் வந்திருக்கு." எனக்கு எரிச்சல். வெள்ளிக்கிழமை சரியாகச் சேமிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேனா? கேட்கவில்லை. "F1 அழுத்துங்க" என்றேன். வைத்துவிட்டேன். உட்கார இடம் கிடைத்தது, கண்ணை மூடிக்கொண்டேன்.

பத்து மணிக்கு மறுபடி பரீதாவின் போன். குரல் உடைந்திருந்தது. பழைய நோயாளி முத்துசாமி ஐயா நாற்காலியிலேயே மயங்கிவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோய்விட்டது.

ஓடினேன். சர்வரில் தேதியைப் பார்த்தேன்.

1 ஜனவரி 2014.

உள்ளே, மதர்போர்டில், காசு அளவில் ஒரு பேட்டரி. கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். இத்தனை வருடம் கரண்ட் முழுசாகப் போனதே இல்லை, அதனால் அது தேய்ந்தது யாருக்கும் தெரியவில்லை. இந்த இரண்டு வாரமாக தினமும் இரண்டு மணி நேரம், மிச்சமிருந்த உயிரும் போய்விட்டது. நான் மாற்றி வைத்த வரியையும் மறந்தது, தேதியையும் மறந்தது. மறந்ததை மறைக்கவில்லை. 'தேதி, நேரம் சரியில்லை. தொடர F1 அழுத்தவும்' என்று நின்று சொன்னது. இந்த முறை ஆள் இருந்தாள். படிக்காதே என்று அவளிடம் நான் சொல்லி வைத்திருந்தேன்.

திரை சர்வரின் தேதிக்குரிய விவரத்தைத்தான் காட்டும். 2014-இல் இந்த நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களில் இன்னும் வருபவர் முத்துசாமி ஒருவர்தான். மற்றவர்களுக்குத் திரை காலியாக வந்ததாம். நர்ஸுகள் கோப்பைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அவருக்கு மட்டும் எண் வந்தது. பதினோரு வருடத்துக்கு முந்தைய இலக்கு எடை, அதாவது நீர் எடுத்து முடித்ததும் இருக்க வேண்டிய எடை, அறுபது புள்ளி ஐந்து கிலோ. இப்போது அவருக்கு அறுபத்திரண்டு. காலையில் அறுபத்து நாலரை இருந்திருக்கிறார். எடுக்க வேண்டியது இரண்டரை லிட்டர் நீர். மெஷின் நாலு லிட்டருக்கு வைக்கப்பட்டது.

திரை காலியாக இருக்கிறதே என்று பரீதா ஏழு மணிக்கே எங்கள் ஆபீஸைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். எடுத்தது ஜனகன். "சிஸ்டம் அப்லதான் இருக்கு, கொஞ்சம் ஸ்லோவா இருக்கலாம்" என்றிருக்கிறான்.

இன்னொன்று. முத்துசாமி ஐயாவே கேட்டாராம். "என்ன மிஸ்ஸி, இன்னிக்கு இவ்வளவு எடுக்குறீங்க?" சிஸ்டத்துல அப்படித்தான் ஐயா இருக்கு என்று இவள் சொன்னாளாம்.

சொல்லும்போது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மார்ச் 19, புதன்

பேட்டரி மாற்றினேன். ஐந்து நிமிடம். ஐந்தே நிமிடம்!

தேதியைச் சரிசெய்தேன். இணையத்திலிருந்து நேரத்தைக் கேட்டுச் சரிபார்க்கும் வழியை யாரோ எப்போதோ அடைத்து வைத்திருந்தார்கள், திறந்துவிட்டேன். 'பிழை வந்தால் நில்' என்பதை மறுபடி போட்டேன். ஜனகனைக் கேட்கவில்லை.

முத்துசாமி ஐயா பிழைத்துவிட்டார். ஆனால் ரத்த அழுத்தம் விழுந்ததில் மூளைக்கு ரத்தம் போவது குறைந்திருக்கிறது. இடது கை வரவில்லையாம். பஸ் ஓட்டின கை. முப்பது வருடம்.

மார்ச் 20, வியாழன்

ஜனகன் அறிக்கை எழுதி வைத்திருந்தான். இரண்டு பக்கம். 'மின்தடைக்குப் பிறகு கணினி இயங்கியது. சிகிச்சை அளவை நர்ஸ் கோப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவில்லை.' பேட்டரி என்ற சொல் எங்கும் இல்லை. F1 இல்லை. நான் இல்லை.

"ஒரு வரிகூட பொய் கிடையாது பாரு. உன் பேரு எங்கயும் வராது தர்ஷினி. தேங்க்ஸ் சொல்லணும் நீ."

ஏசி அறை. அவன் மேசையில் பாதி குடித்த கோப்பி, மேலே ஆடை படிந்து. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட்டேன்.

ஆமாம். போட்டேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள் இதை, இங்கேயாவது எழுதுகிறேன். அவன் பேனாவை நீட்டினான், நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக் கடன், வீட்டுக்காரருடைய வேலை உறுதியில்லை என்று அந்த நேரத்தில் மனசு என்னென்னவோ எடுத்துக் கொடுத்தது. எதுவும் உண்மைக் காரணம் இல்லை. பேர் வராது என்றானே, அந்தச் சொல் இனித்தது. அதுதான் காரணம். த்தூ.

மார்ச் 21, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று இவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 24, திங்கள்

பரீதாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை. மத்தியானம் நானே கூப்பிட்டேன். எதற்குக் கூப்பிட்டேன்? ஆறுதல் சொல்லவா? எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு?

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"நான் கோப்பைப் பாத்திருக்கணும்க்கா. அது என் தப்புதான், நான் இல்லைன்னு சொல்லல. அவரு கேட்டப்பவாவது பாத்திருக்கணும். ஆனா படிக்க வேண்டாம்னு நீங்க சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

பிறகு, "சொன்னீங்களாக்கா?" என்று கேட்டாள்.

ஏதோ மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். மீட்டிங்! 

மார்ச் 25, செவ்வாய்

எழுதினேன். நிலையத்தின் தலைவருக்கு நேரடியாக. ஜனகனுக்கு ஒரு நகல். ஒளிந்து செய்ததாக இருக்கக் கூடாது.

மாதப் பரிசோதனை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சர்வரைத் திறந்தே பார்க்காதது. எச்சரிக்கையைப் படிக்க வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னது. பதினெட்டாம் தேதி என்ன வந்திருக்கிறது என்று கேட்காமலே அழுத்தச் சொன்னது. ஏழு மணிக்கு அவள் கேட்டபோது எங்கள் ஆபீஸ் கொடுத்த பதில். இருபதாம் தேதி அறிக்கை முழுமையானதல்ல என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டது. சர்வரின் பதிவேட்டையும் சேர்த்து அனுப்பினேன். அதில் எல்லாம் நிமிடக் கணக்கில் இருக்கிறது. மெஷின் எதையும் மறைக்கவில்லை.

அனுப்பி இருபது நிமிடத்தில் ஜனகன் என் மேசைக்கு வந்தான்.

"உனக்குப் பைத்தியமா? நல்லவளா ஆகணும்னா கோயிலுக்குப் போ லா. கம்பெனியை ஏன் இழுக்கிறே?"

"தள்ளி நில்லுங்க ஜனகன்."

இவ்வளவுதான் வந்தது. வீட்டுக்கு வந்தபிறகு நூறு பதில் தோன்றுகிறது.

மார்ச் 28, வெள்ளி

தலைவர் கூப்பிட்டுப் பேசினார். ஒன்றரை மணி நேரம். ஒரு தடவைகூடத் திட்டவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

பரீதா ஹரிராயா பெருநாள் முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு. எனக்கும் கடிதம் வந்தது. இந்த மாதம் பதினெட்டோடு வேலை முடிகிறது. ஜனகன் அப்படியே இருக்கிறான். ஒப்பந்தம்தான் போய்விட்டது, வேறு கம்பெனிக்கு.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முத்துசாமி ஐயாவைப் பார்க்க வார்டுக்குப் போனேன். யார் என்று சொன்னேன். என்ன செய்தேன் என்றும். முழுசாகக் கேட்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேனே. இவ்வளவு எடுக்குறீங்களேன்னு. ஒருத்தரும் காதுல வாங்கல."

"ஆமாங்க ஐயா."

"மன்னிச்சுடுன்னு கேக்க வந்தியா?"

பழப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"கேக்காதே" என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொண்டுபோன பழங்களை அங்கே வைப்பதா, எடுத்துக்கொண்டு வருவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். வைக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

புது கம்பெனி ஆளிடம் சர்வரை ஒப்படைக்கக் காலையிலேயே போனேன். பூட்டுகிற கதவோடு தனி அலமாரி வந்திருக்கிறது. அவர் மூடியைக் கழற்றச் சொல்லி, பின்பக்கம்வரை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்தபோது ஆறே முக்கால். இன்றைக்குத்தான் முத்துசாமி ஐயா திரும்பி வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. சக்கர நாற்காலியிலிருந்து இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள். இடது கை மடியில் அப்படியே கிடந்தது. நான் தூண் பக்கமாக நின்றுவிட்டேன்.

பரீதா கோப்போடு போய் அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, இன்னிக்கு அறுபத்தி நாலு இருக்கீங்க. ரெண்டு லிட்டர் எடுக்கப் போறேன். உங்களுக்கு எப்படித் தோணுது?"

அவர் குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தார். வலது கை விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தார். அவசரமே இல்லாமல். அவள் மெஷினைத் தொடாமல் காத்திருந்தாள்.

"ஒண்ணே முக்கால் போதும் மிஸ்ஸி."

"டாக்டரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்தாள். தூண் பக்கம் என்னைப் பார்த்தாள். நிற்கவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போனாள்.