சுழி சொல்லி விற்ற தரகன்

நெடுவாரி ஆறு வற்றாது ஓடுக. வெண்கோட்டு நாட்டில் அறம் நிலைத்து நிற்க. கோப்பெருந்தேவி தித்தன்மாதேவியாரின் திருவுள்ளப்படி, கருங்காவூர்க் கோட்டையிலிருந்து மூதமைச்சன் அழிசி நம்பி எழுதும் ஓலை இது. கீழ்வாரிக் கூற்றத்தை ஆளும் வயமான் கோடனார் காண்க. உமது கூற்றத்தில் மாரி பருவந்தவறாது பெய்க. உமது மனையில் உள்ளோர் நோயின்றி வாழ்க. உமது கன்றுகாலிகள் பெருகுக.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. பனிச்சங்குடி ஊரார் தம் பள்ளத்தை விட்டுக் கல்மேட்டுக்குக் குடிபெயர்ந்தால்தான் அங்கே பேரேரி அமையும் என்பதும், ஆயினும் ஒருவரையும் வேல்முனையில் எழுப்பலாகாது என்று தேவியார் விலக்கியிருப்பதும் நாம் அறிந்தவையே. ஊராரை இசைவிக்க வாரிமுனைச் சந்தையின் மாட்டுத் தரகன் வேம்பனை அனுப்பியதாகவும், அவன் காரியத்தைக் கெடுத்து அரசையே விற்றுவிட்டதாகவும், அவனைச் சிறையில் இட்டிருப்பதாகவும், நாடு கடத்த ஆணை வேண்டும் என்றும் எழுதியுள்ளீர். அவனுக்கு மனைவியும் மக்களும் இருப்பதை எழுத மறந்தீர் போலும். அதை அவர்களே கோட்டை வாயிலில் வந்து நின்று சொன்னார்கள்.

நடந்ததை விசாரித்தோம். வேம்பன் வாய் திறந்தால் தவிடும் சர்க்கரையாகும் என்பது சந்தையில் எல்லோரும் அறிந்தது; அதற்காகத்தானே அவனைத் தேர்ந்தீர். கல்மேட்டின் கரிசல் மண்ணையும், அங்கே விளையப்போகும் பருத்தியையும், வாசல்வரை வண்டி வரும் பாதையையும் அவன் புகழ்ந்த புகழ்ச்சியில் ஊர் மயங்கிப்போயிற்று. ஊர்த்தலைவி கொற்றி இசைவு சொல்ல எழுந்தாள். அந்த நேரத்தில்தான் வேம்பன் தன் தோள்துண்டை எடுத்து விரித்திருக்கிறான்.

சந்தை வழக்கம் உமக்குத் தெரிந்திராது. அங்கே வாங்குவோனும் விற்போனும் ஒரு துண்டுக்குள் கைவிட்டு, விரல் தொட்டு விலை பேசுவர். கை துண்டுக்குள் போகுமுன் விற்பவன் தன் மாட்டின் கெட்ட சுழி எது, குறை எது என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விற்ற மாட்டைத் திருப்பி ஓட்டிவந்து கட்டலாம். அப்படி விற்றவனிடம் பிறகு ஒருவரும் வாங்கார். வாழ்நாளெல்லாம் அப்படியே பழகிய வாய், துண்டு விரிந்ததும் தானாகவே திறந்துகொண்டது. கல்மேட்டுக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும், நல்ல மழை சில கண்டால்தான் குடிக்க ஆகும் என்று சொல்லிவிட்டானாம். சொன்னபின் அவனே திகைத்து நின்றானாம். ஊராரும் இசைவு சொல்லாமல் கலைந்து போனார்கள்.

உமது ஓலையில் விற்றல் என்னும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இசைவிக்கப் போனதையும் விற்கப் போனான் என்கிறீர். உண்மை சொன்னதையும் விற்றுவிட்டான் என்கிறீர். இதுபற்றி நாம் சில நாளாய் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பொருளைக் கொடுத்து விலையைப் பெறுவது ஒருவகை விற்பனை. நம் எண்ணத்தைப் பிறர் மனத்தில் ஏற்றுவதும் அதன் பங்காளிதான். அரசு என்று ஒன்று இருந்தால் அதைச் செய்யாமல் இருக்க முடியாது. நம்பியவனைப் பகைவன் கையில் ஒப்புவிப்பதையும் உலகம் அதே சொல்லால்தான் வைகிறது. நல்ல விற்பனைக்கும் இழிந்த விற்பனைக்கும் நடுவே இருப்பது அந்தத் தோள்துண்டு ஒன்றே என்று எமக்குத் தோன்றுகிறது. துண்டுக்குள் கை போகுமுன் வாங்குபவனுக்குக் குறை தெரிந்திருந்தால் அது வாணிகம். தெரியாதிருந்தால், எருமையைத் தண்ணீரில் போட்டு, உடல் தெரியாமல் விலை பேசிய கதைதான். நீர் பேசச் சொன்னது அந்த விலை.

எமது வண்டியில் பூட்டும் எருதுகள் வேம்பன் விற்றவை. இடப்பக்கத்து எருது ஆற்றைக் கண்டால் படுத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்றான். இன்றும் படுத்துக்கொள்கிறது. ஆற்றங்கரையில் வெயிலில் நின்று அந்த எருதைத் திட்டியிருக்கிறோம். வேம்பனை ஒருநாளும் திட்டியதில்லை.

இனி, நீர் அறியாத செய்தி ஒன்று. உமது ஓலைக்குப் பின்னாலேயே கொற்றியும் ஊரார் சிலரும் நடந்து வந்து தேவியாரைக் கண்டார்கள். கிணற்று உப்பைச் சொன்னவனுக்குப் பருத்தியைப் பற்றிப் பொய் சொல்ல என்ன வந்தது என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்ததாகவும், கல்மேட்டுக்குப் போக ஊர் முழுதும் இசைவதாகவும், கிணறு தேறும்வரை ஆற்று நீர் வண்டியில் வரவேண்டும் என்றும், தரகன் சிறையிலிருந்து வெளியே வராமல் ஒரு குடிசையையும் பிரிக்கமாட்டோம் என்றும் கொற்றி விண்ணப்பித்தாள். அதைக் கேட்ட தேவியார், என் நாட்டில் எனக்காக உண்மை சொன்னவன் என் சிறையிலேயே கிடக்கிறானா என்று கேட்டார். எமக்கு வெட்கமாயிருந்தது, கோடனாரே. உமக்கும் இருக்கும் என்று நம்புகிறோம்.

ஆகவே தேவியாரின் ஆணை வருமாறு. இவ்வோலை கண்ட பொழுதே வேம்பன் விடுவிக்கப்படுக. அவனை நீரே வாசல்வரை அழைத்துவந்து, சிறையிட்டபோது பறித்த தோள்துண்டை உம் கையாலேயே அவன் தோளில் இடுக. கல்மேட்டில் குடியேறுவோர்க்கு, கிணறு இனிக்கும்வரை, நாள்தோறும் ஆற்று நீர் வண்டியில் செல்க. கூற்றத்தின் ஆளுநர் மனையும் அவர்களோடு கல்மேட்டுக்கு மாற்றப்படுக. முதல் குடியாக நீரே சென்று அமர்க.

அக்கிணற்று நீர் இளநீரை ஒக்கும் என்றும், உப்பு என்றது தரகனின் அவதூறு என்றும் உமது ஓலையில் எழுதியிருந்தீர். அரச அலுவலர் எழுத்தை ஐயுறுதல் முறையன்று. ஆதலின் உமது மனைக்கு மட்டும் நீர்வண்டி வாராது.

அரச முத்திரை பதித்து, தேவியார் திருமுன் படித்துக் காட்டி, கட்டி விடுத்தோம். மாற்றம் உரையாது செய்க.