நீலத் துணி கட்டிய சிலை

மாபெரும் ஓவியருக்கு,

எங்கள் ஊரில் தங்கிப்போன கலைஞர்களிடம், இங்கே பிடித்த இடம் எதுவென்று ஊராட்சி அலுவலகம் கேட்டதாம். நீ எழுதிய பதிலை அங்கே வேலை செய்யும் குவாபரா என்னிடமே வந்து படித்துக் காட்டினான். கோயில் பின்புறம், இறந்த குழந்தைகளுக்காக வைக்கும் கற்சிலைகளில், சிவப்புத் துணிகளுக்கு நடுவே நீலத் துணி கட்டிய ஒன்று கொள்ளை அழகாம்.

“அக்கா, அங்க வழிகாட்டிப் பலகை நடப்போறோம்” என்றான்.

“நட்டுப் பாரு. பிடுங்கி அடுப்புல வெக்கிறேன்.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குமா?

முதல் தடவை வந்து தங்கியபோது நீ விட்டுப்போன நீலச் சட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நெஞ்சுப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு வெட்டியிருக்கும். புரிந்தால் வந்து மன்னிப்புக் கேள். என்னிடம் அல்ல.

இப்படிக்கு,
நீ தங்கிப்போன வீட்டுக்காரி