வெயில் வந்துருமுங்க

அன்பு மகளே,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் விவசாயிகள் ஆலோசனை மையத்தில் எந்தப் போன் பேச்சையும் நம்பிக்கையோடு முடிக்க வேண்டும் என்பது விதி. நான் எல்லோரிடமும், "நாளைக்கு வெயில் வந்துருமுங்க" என்றுதான் முடிப்பேன்.

இன்று எமரால்டு என்ற மலையூரிலிருந்து ஒரு தேயிலை விவசாயி, மருதாம்பாள், தோட்டமெல்லாம் உறைபனி என்று அழுதார். அவரிடமும் அதையே சொன்னேன். அழுகை நின்றது.

"ஏனுங்க, பனி விழுந்த இலை வெயில் பட்டாத்தானுங்க கருகும்? வெயிலச் சொல்லி முடிக்காதீங்க. இன்னுங் கொஞ்சம் கேளுங்க."

கேட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அவராகவே, "நாளைக்கும் கூப்புடறனுங்க" என்றார்.

போன மாதம், "கை வீங்கினது கதவுல இடிச்சு இல்லம்மா" என்று நீ தொடங்கியதுமே, "எல்லாம் சரியாயிடும் கண்ணு" என்று போனை வைத்தேன். பிறகு நீ கூப்பிடவே இல்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நிறுத்திய இடத்திலிருந்து சொல்லு. மாப்பிள்ளை வீட்டில் இருந்தாலும் சொல்லு.

அம்மா