எழில் முடித்த கதை

பிள்ளைப்பாக்கம்
12-9-91

அன்பு மகள் அம்சவல்லிக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் மகள் எழிலரசியும் உடம்பளவில் சுகம். மஸ்கட்டில் உன் சுகத்தையும் நீ வளர்க்கும் அந்த வீட்டுப் பிள்ளைகளின் சுகத்தையும் ஸ்ரீபெரும்புதூர் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மழை இல்லை, ஏரியில் மாடு குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லை.

நீ பேசிக் கொடுத்தனுப்பிய கேசட்டு, அங்கிருந்து லீவில் வந்த நம்ம ஊர்ப் பையன் அன்பு மூலமாக வந்து சேர்ந்தது. நீ போனதிலிருந்து சாயங்காலம் சோறு ஊட்டும்போது, ஏழு கடல் தாண்டி வேலைக்குப் போன பெண்ணின் கதையைத்தான் பிள்ளைக்குச் சொல்லி வருகிறேன். உன் அம்மா உயிரோடு இருந்தால் வேறு கதை சொல்லியிருப்பாள், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்தப் பெண் மீனிடம் வழி கேட்பாள், பருந்தின் முதுகில் ஏறுவாள். அவள் பேசும் இடத்தில் நானே குரலை மெல்லிசாக்கி, எழிலு கண்ணு, வந்துகினே கீறேன் என்பேன், பிள்ளை ‘ம்’ கொட்டி வாயைத் திறக்கும். அவள் வந்து சேர்ந்தாள் என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை, நீ வராமல் எப்படிச் சொல்வது. உன் குரலைக் கேட்டால் துள்ளும் என்று டேப்ரெக்கார்டர் பக்கத்தில் உட்காரவைத்தேன். அது எழுந்து ஓடிப் பக்கத்து வீட்டுச் செங்கமலத்தின் முந்தானையில் ஒளிந்துகொண்டு, “எங்கம்மா இப்டிப் பேசாது, இது வேற யாரோ” என்றது. அம்மா குரல் என்றால் இந்தக் கிழவன் குரல்தான் என்று பதிந்துபோயிருக்கிறது.

செங்கமலத்துக்கு எழுபது தாண்டிவிட்டது, காது மந்தம், பிள்ளைகுட்டி இல்லை. ஊரில் எழிலுக்கு இருக்கிற ஒரே சேக்காளி அவள்தான். இரண்டு பேரும் பல்லாங்குழி ஆடுவார்கள், அழுகுணி ஆட்டம் என்று சண்டை போட்டுக் கா விடுவார்கள், கொஞ்ச நேரத்தில் ஒரே தட்டில் தின்பார்கள். இப்போது பிள்ளை அவளுக்குக் கதை சொல்கிறது, அவள் வாயசைவைப் பார்த்து ‘ம்’ கொட்டுகிறாள். நேற்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டேன். கடல், மீன், பருந்து எல்லாம் நான் சொன்னபடியே வந்தது. பிறகு, “பருந்து கீழ போட்டுச்சி. அந்தப் பொண்ணு செத்துப்போச்சி. கதையும் முடிஞ்சிது, கத்தரிக்காயும் காய்ச்சிது” என்றது. செங்கமலம் அதற்கும் ‘ம்’ என்றாள்.

சாயங்காலம் நான் விடாமல், அவள் சாகவில்லை, பருந்து திரும்பி வந்து தூக்கிக்கொண்டது என்று குரலை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளை ‘ம்’ கொட்டவில்லை. “செத்தவங்க எப்டி தாத்தா பேசுவாங்க, நீதான் பேசற” என்றது. அழுதிருந்தால்கூடத் தேற்றியிருப்பேன். தட்டை என்னிடமிருந்து வாங்கித் தானே பிசைந்து சாப்பிட்டது.

மாப்பிள்ளை கண்ணை மூடிய பிறகு நீ வேறு வழியில்லாமல் போனாய், தெரியாதா எனக்கு. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் இஷ்டம் என்று போன கடிதத்தில் எழுதினேன், இதில் எழுதமாட்டேன். போடாதே. கூரை ஒழுகினால் ஒழுகட்டும். நீ வந்தாலும் அது அம்மா என்று கூப்பிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் வந்துவிடு.

வெயிலில் வெறும் தலையோடு அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு தாயி. மறந்துவிடாதே, வருகிற தேதியை எனக்கு மட்டும் எழுது. வாசலில் வந்து நின்றதும் நான்தான் அம்மா என்று கட்டிப்பிடித்துப் பயமுறுத்தாதே. செங்கமலத்தின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்துகொள். பிள்ளை கதை சொல்லும். நீ ‘ம்’ மட்டும் கொட்டு.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
நடேசன்