சீப்பும் கொம்பும்

அண்ணை,

எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நீங்கள் இருந்தபோதே நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவள், நீங்கள் கண்மூடி மூன்று வருடம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கிங் வீரர்களைக் காட்டினேன். பாதிப் பேர் தலையில் பிளாஸ்டிக் கொம்புத் தொப்பி. அவர்கள் காலத்துக் கொம்புத் தலைக்கவசம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை, பல நூறு வருடம் கழித்து நாடக மேடை மாட்டிவிட்டது என்றேன். முகங்கள் வாடிப்போயின. பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மான்கொம்புச் சீப்பைக் காட்டினேன். வீரனோடு சேர்த்துப் புதைத்த சீப்பு.

உங்கள் சட்டைப்பைச் சீப்பு நினைவுக்கு வந்தது.

லண்டன் டூட்டிங் வீட்டில் சனிக்கிழமைகளில் கடை ஷிப்ட் முடிந்து வந்து தலை நிறைய நல்லெண்ணெய் வைப்பீர்கள். குளியலறை வழுக்குகிறது என்று நான் முணுமுணுப்பேன். எங்கள் வீட்டின் முதல் பட்டத்துக்காக நான் வைக்கிங் வரலாறு படித்துக்கொண்டிருந்த காலம்.

"பிள்ளை, நீ படிக்கிற ஆக்கள் ஒவ்வொரு நாளும் வெட்டுக்கொத்துத்தானோ?"

"இல்லை அண்ணை. கனபேர் தோட்டம் செய்தவை, மீன் பிடிச்சவை. வாள் வசதியானவையிட்டத்தான், மற்றவையிட்ட ஈட்டி. சனிக்கிழமை சனிக்கிழமை குளிப்பினமாம். அதையும் இந்த நாட்டுத் துறவி ஒருத்தர் குறையா எழுதி வைச்சிருக்கிறார்."

"அப்ப அவங்களும் எங்கட ஆக்கள்தான்!" என்று கண்ணில் எண்ணெய் வழியச் சிரித்தீர்கள்.

சிரிப்பு அடங்கியபின், கேளாமலே சொன்னீர்கள். "ஊரில சண்டை நேரம் நான் இயக்கத்தில சமையல்கட்டிலதான் நிண்டனான். ஒருநாள் சுடச்சொல்லித் துவக்குத் தந்தவை. ஷெல் விழ, அதைப் போட்டிட்டு ஓடிட்டன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"சொல்லமாட்டன்" என்றேன்.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்கு எங்கள் ஊர்ச் சங்கத்தார் படம் கேட்டார்கள். உங்கள் பாஸ்போர்ட் படத்தை அனுப்பியவள் நான்தான். மண்டபத்தில் போய்ப் பார்த்தால், கதவளவு பதாகையில் உங்கள் முகம், யாருடையதோ உடம்பு. இயக்கத்து வரிச் சீருடை, கையில் துவக்கு, பின்னால் நெருப்பு. கழுத்தின் நிறம்கூடப் பொருந்தவில்லை.

"பாத்தியோ பிள்ளை, உன்ர அண்ணை மலை மாதிரி நிக்கிறார்!" என்றார் ஒரு மாமா.

"ஓம் மாமா" என்றேன். முன்பின் தெரியாதவனின் கொம்பைக் கழற்றச் சம்பளம் வாங்குகிற எனக்கு, உங்கள் தலையில் வைத்ததைப் பொய்யென்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதாகை ஒவ்வொரு வருடமும் வருகிறது. நீங்கள் ஆயிரம் பேருக்குச் சோறு வடித்ததை அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அதற்குக் கைதட்டல் விழாது.

போன வாரம் அதன் கீழே நின்று உங்கள் மகள், "மாமி, அப்பா எத்தனை பேரைச் சுட்டவர்?" என்று ஆசையோடு கேட்டாள். எட்டு வயது, அண்ணை. "தெரியாது" என்றேன். அவளே ஒரு எண்ணிக்கை வைத்திருக்கிறாள். பள்ளியில் சொல்லியும் விட்டாள்.

உங்கள் சீப்பு என் கைப்பையில் இருக்கிறது. பல்லிடுக்கில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு. கழுவவில்லை.

சனிக்கிழமை அவளுக்குத் தலைவார வரச் சொல்லியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் வேண்டாம். அவளுக்கு மட்டும், நீங்கள் பயந்து ஓடி வந்ததால்தான் அவள் பிறந்தாள் என்று சொல்லட்டோ, அண்ணை? அந்த ஒரு வாக்கிலிருந்து மட்டும் என்னை விட்டுவிடுங்கோ.