பழைய இரும்புக் கடையில் கிடைத்த என்ஜின்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நான் நலம். உன் நலத்தை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பார்த்துக்கொண்டேன். பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சியில் முதல் பரிசு, கையில் கோப்பை, அரைப்பக்கப் படம். தலைக்குச் சாயம் அடித்திருக்கிறாய். நெற்றியிலும் கொஞ்சம் பட்டிருக்கிறது.

ஓடாமல் கிடந்த இரண்டு வண்டிகளைச் சேர்த்து ஒரு வண்டி செய்தாயாம். சேசிஸும் சக்கரங்களும் உன்னுடையவை. என்ஜினும் டேங்கும் "பழைய இரும்புக் கடையில் கேட்பாரில்லாமல் கிடந்தவை." உன் வாயால் சொன்னதாகவே போட்டிருக்கிறார்கள்.

உன் அத்தான் கண்மூடிய மறுமாதம் என் வீட்டு வாசலில் நின்று, "அக்கா, வண்டி மழையில நனையுது. நான் என் ஷெட்ல வச்சுப் பாத்துக்கறேன்" என்று சொன்னது யார்? அந்த டேங்கின் இடது பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. என் தையல் மெஷினை வண்டியில் ஏற்றும்போது இடித்தது. நீ எத்தனை பூச்சு பூசினாலும் வெளிச்சம் அந்த இடத்தில் வளைகிறது. படத்திலேயே தெரிகிறது.

என் வீடு எப்போதடா உனக்குப் பழைய இரும்புக் கடை ஆனது?

இரண்டில் ஒன்று செய். அது உன் அத்தானுடைய என்ஜின் என்று அதே பேப்பரில் போடச் சொல். இல்லை, என்ஜினையும் டேங்கையும் கழற்றி அனுப்பு. மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிக்கொண்டு வராதே.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் கை சுட்டது. வீட்டுக்காரி வாங்கிப் படித்துவிட்டு, "உங்க அக்கா நேர்ல வரலையேன்னு சந்தோஷப்படுங்க" என்றாள்.

பேப்பர்காரனிடம் பேசும்போது கொஞ்சம் உப்பு, காரம் சேர்க்கத்தான் வேண்டும், அக்கா. அக்கா வீட்டு வண்டி என்றால் எவன் படிப்பான்? ஒன்பது வருஷமாக நீயும் அந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வண்டியின் என்ஜின் உடைந்து போயிற்று. அத்தான் வண்டியின் சேசிஸோ விரலால் குத்தினால் ஓட்டை விழும் அளவுக்குத் துருப்பிடித்துவிட்டது. அதை எடைக்குப் போட்டேன். இரண்டும் சேர்ந்ததால் ஒன்றாவது பிழைத்தது. இதில் என் குற்றம் என்ன?

இப்போது போய் மாற்றிச் சொன்னால் எங்கள் பழைய வண்டிச் சங்கத்தில் என்னைப் பொய்யன் என்பார்கள். ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு பழைய வண்டிகளின் ஊர்வலம். என் வண்டிதான் முன்னால் போகப்போகிறது. ஆபீஸில் வேலை பார்த்த காலமெல்லாம் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தவன் நான், உனக்குத் தெரியும். நீயும் வா. பின் சீட்டில் உன்னை உட்கார வைத்துக்கொண்டு போகிறேன்.

ஒரு சின்னத் தொல்லை. கண்காட்சியில் நின்றபடியே பரிசு வாங்கிவிட்டது. ஓட்டினால் மேட்டில் இருமுகிறது, சூடானால் நின்றுவிடுகிறது. அத்தான் ஓட்டும்போது பூனை மாதிரிப் போகும். அவர் என்ன செய்வார், ஞாபகம் இருக்கிறதா?

அன்புத் தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

உன் அத்தான் என்ன செய்வார்? என்னைக் கூப்பிடுவார்.

அவருக்குப் பெட்ரோல் போடத் தெரியும், ஹாரன் அடிக்கத் தெரியும். தையல் மெஷினைப் பிரித்துப் பழகிய கையால் அந்த என்ஜினைப் பிரித்தவள் நான். யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அதன் கார்புரேட்டர் ஊசியை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, அந்த என்ஜின் பெட்ரோல் குடிக்கும் அளவுக்குப் பதமாக்கியதும் நான்தான்.

வண்டி ராத்திரி வெளியே தங்குகிறது என்றால் அந்த ஊசியைக் கழற்றி வைத்துக்கொள்வேன். எவனும் கிளப்பிக்கொண்டு போய்விடக் கூடாதே. நீ தள்ளிக்கொண்டு போன அன்றும் கழற்றினேன். அன்றைக்கு உன்மேல் சந்தேகம் எதுவும் இல்லை, கைப்பழக்கம். இன்னமும் அது என் பட்டன் டப்பாவில் கிடக்கிறது. நீ உன் வண்டியின் ஊசியைச் செருகியிருப்பாய்.

இருமட்டும்.

ஒன்பது வருஷமாகக் கேட்கவில்லை என்கிறாய். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கிப் போனவனிடம் போய் எதைக் கேட்பது? பின் சீட்டு எனக்கு வேண்டாம். பேப்பருக்கு எழுதினாயா?

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே பெரிய பெரிய மெக்கானிக் எல்லாம் பார்த்துவிட்டார்கள். கடைசியாக வந்தவர் கார்புரேட்டரைத் திறந்ததுமே, "இதுக்குப் பிறந்த ஊசி இது இல்லை சார்" என்று சொல்லிவிட்டார்.

அதை ஒரு கவரில் போட்டு அனுப்பிவிடு, அக்கா. ஊர்வலம் முடியட்டும், பேப்பருக்கு நீ சொல்கிறபடி எழுதுகிறேன். இப்போது மட்டும் வேண்டாம். சங்கத் தலைவர் என்னைச் சார் என்று கூப்பிட ஆரம்பித்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்கு விட்டுக்கொடு. உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

அன்புத் தம்பி


மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். கூடப் பிறந்தவனிடம் எவ்வளவு நாள்தான் கோபமாக இருப்பது?

ஊசியைத் தபாலில் அனுப்பினால் பிரயோசனமில்லை. என்ஜினை ஓடவிட்டு, காதால் கேட்டுத்தான் பொருத்த வேண்டும். வண்டியை இங்கே ஓட்டிக்கொண்டு வா. வழியில் நின்றால் நிதானமாகத் தள்ளு, இடுப்பைப் பார்த்துக்கொள். மத்தியானம் இங்கேயே சாப்பிட்டு, மாடியில் கொஞ்ச நேரம் படுத்து எழுந்து போகலாம். புது மெத்தை போட்டு வைக்கிறேன்.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன்.

ஊசியைப் போட்டாய். கிக்கரை ஒரே ஒரு தரம் உதைத்தாய். அத்தான் தெருமுனையில் திரும்புகிற அதே சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ முதுகைத் தட்டி, "போய்ப் படுடா, வழியெல்லாம் தள்ளிக்கிட்டு வந்திருக்க" என்றாய். சாப்பிட்ட பிறகு என்னை யானை மிதித்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று உலகத்திலேயே உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இறங்கி வந்து பார்த்தால் குடல் எடுத்த மீன் மாதிரி வாசலில் வண்டி நிற்கிறது. பக்கத்து வீட்டு வெல்டர் உன் குழாயில் கை கழுவிக்கொண்டிருக்கிறார். "அக்கா, வண்டி எங்க?" என்றேன். நீ துணி வெட்டிக்கொண்டிருந்தாய். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உன் வண்டி வாசல்ல நிக்குது. என் வண்டி உள்ள இருக்கு."

மிச்சத்தை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் கேட்டான்: "எடைக்கா சார்?"

ஊர்வலத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. என்ஜினைக் கொடு, அக்கா. உன் காலில் விழுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நான் "அன்புள்ள" என்று ஆரம்பித்தபோதே நீ யோசித்திருக்க வேண்டும்.

உன் பொருளில் ஒரு போல்ட்டைக்கூட நான் தொடவில்லை. கார்புரேட்டரில் இருந்த உன் ஊசியையும் காகிதத்தில் சுற்றி சீட்டுக்கு அடியில் ஒட்டி அனுப்பினேன். தேடிப் பார். கேட்காமல் எடுத்தால் எப்படி இருக்கும் என்று உனக்கும் இப்போது தெரிந்திருக்கும். ஆனால் நான் எடுத்தது என்னுடையது.

என்ஜின் எங்கே கிடைத்தது என்று கேட்டவர்களுக்கு ஒரு கடையைச் சொன்னாய் அல்லவா? எங்கே போயிற்று என்று கேட்டாலும் அதே கடையைச் சொல்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர்வலத்தன்று என் கையில் ஒரு பச்சைக் கொடியைக் கொடுத்து ஓரமாக நிறுத்திவிட்டார்கள். எல்லா வண்டியும் என்னைத் தாண்டிப் போயிற்று. முடிந்து டீ குடிக்கும்போது, உங்கள் வண்டி எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நீ சொன்ன கடையைச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். அத்தான் வண்டி என்று, உன்னிடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கினேன் என்று, எல்லாவற்றையும். தலைவர் இப்போது சார் என்பதில்லை. கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பேப்பருக்கும் எழுதினேன். உள்பக்கத்தில் நாலு வரி போட்டிருக்கிறார்கள். வெட்டி இதனுடன் வைத்திருக்கிறேன்.

சேசிஸையும் சக்கரங்களையும் உனக்கே அனுப்பிவிடுகிறேன். நீயே மாட்டிக்கொள். உன் வீட்டில், உன் பெயரில் வண்டி முழுசாக நிற்கட்டும். நான் அதில் ஏறக்கூட வேண்டாம். அன்றைக்குக் கேட்ட அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. இன்னொரு தரம் கேட்டால் போதும். வரலாமா?

தம்பி


மே 5

தம்பிக்கு,

நாலு வரியையும் படித்தேன். அத்தானைப் பற்றி ஒரு வரி, உன்னைப் பற்றி மூன்று. இருந்தாலும் அந்த ஒரு வரியை வெட்டி அவர் படத்துக்குக் கீழே செருகி வைத்திருக்கிறேன்.

சேசிஸை அனுப்பாதே. அனுப்பினால் அதில் துணி காயப்போடுவேன். என் வண்டிக்கு ஒரு சேசிஸ் இருந்தது, அதை நீ எடைக்குப் போட்டாய். அந்த இடத்தில் உன்னுடையதை மாட்டி, நாளைக்கே இது நம் இருவர் வண்டி என்று நீ சொல்ல நான் இடம் கொடுக்க மாட்டேன்.

வெல்டர் இரும்பில் ஒரு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தார். பின்முற்றத்தில் என்ஜினை அதன்மேல் உட்கார வைத்து, டேங்கை மேலே கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். பள்ளம் என் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. ஒரே உதையில் கிளம்புகிறது. சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை, எங்கேயும் போகாது. எனக்கும் அவசரமாகப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. இதை ஷெட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரும் வந்து நிற்கவும் மாட்டார்கள்.

தினமும் தையல் முடிந்ததும் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறேன். பிறகு ஊசியைக் கழற்றிப் பட்டன் டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். தெரு எல்லாருக்கும் பொது. சாயங்காலம் ஆறு மணிக்கு எதிர்வீட்டுச் சுவர் ஓரமாக நின்றால் சத்தம் நன்றாகக் கேட்கும். கதவைத் தட்டாதே. திறக்க மாட்டேன்.

அக்கா