புளிமூட்டை என்று சொன்னேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானே? சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால்தான் கடிதம்.

போன வாரம் கம்பெனி கால்பந்து அணிக்காக ஆடும்போது, கோலைத் தடுக்கப் பாய்ந்த என் தலையில் எதிரணிக்காரியின் முழங்கால் இடித்துவிட்டது. கண் விழித்ததும் டாக்டர், "உன் பேரு என்னம்மா?" என்றார். "புளிமூட்டை" என்றேன். நீங்கள் கூப்பிடுவதுதானே முதலில் வாயில் வரும்! கேப்டன் அலறிவிட்டாள்: "ஐயோ டாக்டர், மூட்டை முடிச்சுன்னு உளறுறா!"

நேற்று கோச் வந்தார். "வீக்கமே இல்லையே, இறுதி ஆட்டத்துல நின்னுடு" என்றார்.

"உள்ள பட்ட அடி வெளிய தெரியாது சார். இது ஆறுறதுக்குள்ள இன்னொண்ணு பட்டா என் பேரு நிஜமாவே மறந்துடும். டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நிக்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். கோல்கீப்பர் என்றுதான் இந்த வேலையே கொடுத்தார்கள். போனால் போகட்டும், வேறு தேடிக்கொள்வேன்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பதிலைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், சின்ன எழுத்து இன்னும் ஆடுகிறது. இங்கே இப்போது எல்லோருக்கும் நான் புளிமூட்டைதான். ஆனால் உங்களைப் போல் கூப்பிட ஒருவருக்கும் வரவில்லை.

கண் கூசுகிறது, நிறுத்துகிறேன்.

உங்கள்
புளிமூட்டை